செவ்வாய்க்கிழமைக் குளிசை

அன்புள்ள பிள்ளைக்கு,

கையில் போட்ட கட்டை நேற்றுக் கழற்றிவிட்டார்கள், இனி நானே எழுதலாம். போனில் சொன்னால் நீ "சரியம்மா, சரியம்மா" என்று வேலைக்கு ஓடிவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் விழுந்தது எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குசினியில்தான். ஈர டைல்ஸில் நின்ற நிலையிலேயே வழுக்கிக் கையை ஊன்றினேன், அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கெல்லாம் எலும்பு முறியக்கூடாது என்று டொக்டர் எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஊசியில்லை, நோவில்லை, கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்திருந்தால் போதும். டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்டுப் போடுகிற கணக்கு, மைனஸ் 2.8. மைனஸ் 2.5ஐத் தொட்டாலே ஒஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்புப்புரை.

அன்றிரவு முழுக்க அம்மம்மாவின் நினைப்புத்தான். கடைசிக் காலத்தில் அவவின் சேலைக் கரை நிலத்தில் இழுபடும். கை எட்டவில்லை என்று சாமித்தட்டை இரண்டு தரம் கீழே இறக்கி ஆணியடித்தோமே, நினைவிருக்கிறதா? வயது போனால் கூன் விழும்தானே என்று பேசாமல் இருந்துவிட்டோம். நாரி நோகுது என்று சொன்னபோதெல்லாம் நான் எண்ணெய்தான் பூசிவிட்டேன். முதுகெலும்புகள் ஒவ்வொன்றாக நசிந்து முறிந்தாலும் அப்படிக் கூன் விழும், உயரம் குறையும் என்று டொக்டர் சொன்னபோது எனக்கு வாயடைத்துவிட்டது.

உனக்கு 34 ஆகப் போகிறது. எலும்பில் சேர்கிறதெல்லாம் முப்பது வயது மட்டும்தான், அப்புறம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டியதுதான். மாதவிடாய் நிற்கிற காலத்தை ஒட்டிய சில வருடங்களில் அது மளமளவென்று இறங்கும், 50 தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருத்திக்கு இதனால் எலும்பு முறிகிறதாம். அம்மம்மாவுக்குக் கூன் விழுந்தது, அம்மாவுக்கு இந்த நோய் இருக்கிறது என்று உன் டொக்டரிடம் கட்டாயம் சொல்லு. ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும், தேத்தண்ணிக்குப் போடுகிற பால்மா அதற்குக் காணாது. தயிர் சாப்பிடு, எள்ளு சாப்பிடு, நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு பொரித்துச் சாப்பிடு, நான் அனுப்புகிறேன். டொரொன்டோக் குளிர்கால வெயிலில் உடம்பு விட்டமின் டி செய்யாது, அதற்குக் குளிசை தேவையா என்று கேள். நீந்தப் போகிறேன் என்றாய், நல்லதுதான், ஆனால் பாரம் பட்டால்தான் எலும்பு இறுகும், அதனால் வேகமாக நட, படியேறு, கொஞ்சம் பாரமும் தூக்கு.

தம்பியிடமும் சொல்லு. ஆம்பிளைகளிலும் 50க்கு மேல் ஐந்தில் ஒருவருக்கு முறிகிறது, சிகரெட் அதை இன்னும் கூட்டும்.

எனக்கு வாரத்துக்கு ஒரு குளிசை தந்திருக்கிறார்கள். செவ்வாய் காலை வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் பச்சைத்தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது, படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகிவிடும். தேத்தண்ணியும் அதற்குப் பிறகுதான். ஆறரைக்கு விழுங்கிவிட்டு பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உனக்கு அப்போது திங்கள் இரவு எட்டு மணி, சாப்பிட்டு முடித்திருப்பாய். அந்த நேரம் எடு, ஆறுதலாகக் கதைக்கலாம்.

அம்மா