ரிதமிக் குழுப் பிள்ளைகளின் வீட்டாருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆனித் தேரோட்டம் முடிந்து, லீவு போட்ட பிள்ளைகளும் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். இந்தக் கடிதம் முக்கியமாக ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (வளையம், பந்து, ரிப்பன் போன்றவற்றை வைத்துப் பாட்டுக்கு ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸ்) குழுவில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டாருக்கு. அடுத்த வாரம் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கப் போவதால் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லா வீட்டுக்கும் அனுப்புகிறேன்.

போன வருஷம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். போட்டிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வயதுக்கு வந்துவிட்டாள், இனிமேல் அந்த உடுப்பைப் போட்டு ஆட வேண்டாம் என்றார்கள். அந்த வீட்டார்மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. சேர்க்கிற அன்றைக்கே நான் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

அன்று சாயங்காலம் ஹாலுக்குப் போனேன். மிச்சம் நான்கு பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பழக்கதோஷத்தில், ஐந்தாவது ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்து வளையத்தை எறிந்துவிட்டாள். அது ஹார்மோனியப் பெட்டியில் இடித்து, சுவரோரமாக உருண்டு, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போய்ச் சுற்றிச் சுற்றி விழுந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. கடைசியில் ஒருத்தி, “சவத்தை விடுட்டி, வீட்டுக்குப் போவோம்” என்றாள். நான் இருப்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இந்த விளையாட்டின் அமைப்பே அப்படி. 13 மீட்டருக்கு 13 மீட்டர் சதுரத்தில் ஐந்து பேர். அதிகபட்சம் இரண்டரை நிமிஷம். ஒரு ஆட்டத்தில் ஐந்து பேர் கையிலும் ஒரே கருவி. இன்னொன்றில் மூன்று பேருக்கு ஒன்று, இரண்டு பேருக்கு வேறு. பாரிஸ் ஒலிம்பிக்கில் முதலாவது ஐந்து வளையம், இரண்டாவது மூன்று ரிப்பனும் இரண்டு பந்தும். தன் கருவியை எறிந்துவிட்டு, அடுத்தவள் எறிந்ததைப் பிடிக்க வேண்டும். அதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில். தரையில் விழுந்தால் மதிப்பெண் போகும். எடுக்க எத்தனை அடி நடக்கிறாளோ அதற்குத் தக்கபடி இன்னும் போகும். ஒரு பிள்ளையின் ஆச்சி ஒருநாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “இது நம்ம பின்னல் கோலாட்டம்லா டீச்சர்” என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஒருத்தி கால் மாற்றி வைத்தால் அத்தனை கயிறும் சிக்கும்.

“ஒலிம்பிக் வரைக்கும் போவாளா டீச்சர்?” என்று மூன்று பேர் கேட்டீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். போகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்தாறு வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் பதினொன்றில் ஆரம்பிக்கிறார்கள். பதினைந்து வயதுவரை ஜூனியர், பதினாறு வயது நிறைகிற வருஷத்திலிருந்து சீனியர். இருபத்தைந்தைத் தாண்டி ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சிலர் தீபா கர்மாக்கரைச் சொன்னீர்கள். அவர் ஆடியது வேறு வகை. 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாண்டும் வால்ட் பிரிவில் 0.150 மதிப்பெண்ணில் வெண்கலம் தவறி நான்காவதாக வந்தார். அங்கே தாண்டும்போது தனி ஆள். நம் பிள்ளைகள் செய்வது அது இல்லை.

குழுவாக ஆடுகிறவரின் வாழ்க்கை எப்படிப் போகும் என்பதற்கு இத்தாலியின் அலெஸ்ஸியா மௌரெல்லியைப் பாருங்கள். 1996-இல் பிறந்தவர். அதே வருஷம்தான் அட்லாண்டாவில் குழு ஆட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது. ஸ்பெயின் பிள்ளைகள் தங்கம் வாங்கினார்கள். மௌரெல்லி 2015-இல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில், ஐந்து ரிப்பன் ஆட்டத்தில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தார். மறு வருஷம் ரியோவில் இத்தாலி நான்காவது. நம் ஊரில் இதற்குப் பெயர் ‘போச்சு’. அவர் விட்டுப் போகவில்லை. அணித் தலைவியாகி, டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் 27 வயதில் இன்னொரு வெண்கலம். இத்தனை வருஷத்தில் பக்கத்தில் நின்ற முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவளின் கையைப் பழக வேண்டும். அவள் எவ்வளவு உயரம் எறிவாள், எந்தப் பக்கம் சாய்த்து எறிவாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பதக்கத்தைவிட இந்தப் பகுதிதான் எனக்குப் பிடிக்கிறது.

குழு ஆட்டத்தில் 2000 முதல் 2016 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் தங்கம் ரஷ்யாவுக்குத்தான். டோக்கியோவில் பல்கேரியா அதை முறித்தது. பாரிஸில் சீனா. ஐரோப்பாவுக்கு வெளியே ஒரு நாடு இதில் தங்கம் வாங்கியது அதுதான் முதல் தடவை. நம் பி.டி. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஹாலின் சாவியைக் கேட்டார்.

இனி உடுப்பு விஷயம். தொடை தெரியத்தான் ஆட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கணுக்கால்வரை மூடிய ஒட்டுடுப்பு, முழுக்கை, மேலே பாவாடை எல்லாம் சர்வதேசப் போட்டியிலேயே அனுமதி உள்ளதுதான். அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். நம் ஐந்து பேருக்கும் அப்படித்தான் தைக்கச் சொல்லியிருக்கிறேன். அளவெடுக்க டவுனிலிருந்து ஒரு அம்மாவே வருவார்கள்.

சாப்பாடு. இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். போன மாதம் ஒரு பிள்ளை மத்தியானச் சோற்றைத் தொடாமல் டப்பாவை மூடி வைத்தாள். கேட்டால், “ஒல்லியா இருந்தாத்தான் ரிப்பன் ஆட முடியும்னு சொன்னாங்க” என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரையும் எடை மெஷினில் ஏற்றிக் குழுவுக்கு எடுப்பதில்லை. வீட்டிலும் வேண்டாம். இட்லி நாலு தின்கிற பிள்ளைக்கு நாலு கொடுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா பற்றிக் கேட்டவர்களுக்கு: பள்ளி ஆண்டுவிழாவில் ஆடியதற்கு யாரும் சீட் தர மாட்டார்கள். அதை நம்பிச் சேர்க்காதீர்கள்.

பயிற்சி நேரத்தை மாற்றியிருக்கிறோம். சாயங்காலம் முற்றத்தில் ஆடிப் பார்த்தோம். இந்த மாதத்துச் சாரல் காற்று உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் போட்டியில் ஆடும் ரிப்பன் 6 மீட்டர் நீளம், எடை 35 கிராம்தான். நம்முடையது ஜங்ஷன் கடையில் வாங்கிய சாட்டின் துணி, மூங்கில் குச்சி. காற்றில் அது வேப்பமரத்துக்குத்தான் போகிறது. ஹாலுக்குள் ஆடினால் ஃபேனில் சுற்றுகிறது. ஃபேனை நிறுத்தினால் பிள்ளைகள் வேர்த்து ஒழுகுகிறார்கள். அதனால் திங்கள், புதன், வெள்ளி காலை 6.30 முதல் 8 மணி வரை, ஹாலில், ஃபேன் இல்லாமல். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வரும் இரண்டு பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் பஸ் சிரமம். அவர்கள் வீட்டார் தனியாக வந்து என்னைப் பாருங்கள், வழி பண்ணுவோம்.

அப்புறம், கீழே ஒரு சீட்டு இருக்கிறது. ஒரே கேள்விதான்: மார்ச் வரைக்கும் உங்கள் பிள்ளையை நிறுத்தாமல் அனுப்புவீர்களா? காய்ச்சல், சாவு, கல்யாணம் எல்லாம் கணக்கில் இல்லை. அதற்கு ஆறாவதாக ஒரு பிள்ளையைத் தயார் பண்ணுகிறோம். டியூஷன், பத்தாம் வகுப்பு, சடங்கு, சொந்தக்காரர் பேச்சு, இவற்றைத்தான் கேட்கிறேன். முடியாது என்று எழுதினாலும் குறையில்லை. இப்போதே எழுதிவிடுங்கள். கையெழுத்துப் போடும்முன் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஹால் தரை சிமெண்ட், முட்டி சிராய்க்கிறது. யார் வீட்டிலாவது பழைய பத்தமடைப் பாய் சும்மா கிடந்தால் கொடுத்து அனுப்புங்கள். ஓரம் பிய்ந்திருந்தாலும் பரவாயில்லை. சீட்டு புதன்கிழமைக்குள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை