இந்த வருட கிறிஸ்துமஸுக்கு நம் பிள்ளைகள் தைக்கும் சின்னச் சின்ன குயில்ட்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் அலங்காரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடிதம் கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் கடைசி வரை படித்துவிடுங்கள், ஏனென்றால் உங்களிடம் கேட்க வேண்டிய முக்கியமான ஒன்று நடுவில் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் ஜிகினாத் தோரணமும் பிளாஸ்டிக் நட்சத்திரமும் வாங்கி மாட்டுகிறோம், ஜனவரியில் கழற்றும்போது பாதி கிழிந்திருக்கும், மீதி நிறம் போயிருக்கும், எல்லாம் குப்பைக்குப் போகும். இந்த வருடம் அது வேண்டாம் என்று ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் தையல் மெஷினில் தாங்களே தைத்த சின்ன குயில்ட்கள்தான் கூடத்திலும் வராந்தாவிலும் மாடிப்படிச் சுவரிலும் தொங்கப்போகின்றன. ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் சதுரம். அவ்வளவுதான், விரித்த கை அளவு.

குயில்ட் என்றால் பெரிய போர்வை என்று நினைக்காதீர்கள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, இந்த மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குயில்ட். அளவு எதுவாகவும் இருக்கலாம். சின்னதாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலது பக்கக் கழுத்துக்கும் நடுவே இருக்கும் இடம் குறைவு, பெரிய துணியைச் சுருட்டி அதற்குள் திணித்துத் திருப்புவது பெரியவர்களுக்கே தோள் வலிக்கும் வேலை. கையளவுத் துணி என்றால் பத்து வயதுப் பிள்ளையும் எந்தப் பக்கமும் திருப்பலாம், இரண்டு மூன்று வகுப்புகளில் முடித்தும் விடலாம். முடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் இந்த வயதில் ரொம்ப முக்கியம்.

சரி, இதில் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் முறைக்கு ஃப்ரீ மோஷன் என்று பெயர். சாதாரணமாகத் தைக்கும்போது ஊசிக்குக் கீழே இருக்கும் பற்கள் துணியைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும், நாம் வழி மட்டும் காட்டுவோம். ஃப்ரீ மோஷனில் அந்தப் பற்களைக் கீழே இறக்கிவிடுவோம். அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு, ஊசியோடு சேர்ந்து குதிக்கும் சின்ன வட்டப் பாதம் ஒன்றை மாட்டுவோம். அதற்கப்புறம் துணியை யாரும் இழுக்க மாட்டார்கள், பிள்ளையின் இரண்டு கைகள்தான் முன்னே, பின்னே, பக்கவாட்டில், வட்டமாக என்று நகர்த்த வேண்டும். பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு காகிதத்தை நகர்த்தி எழுதுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தையலின் நீளத்தைக்கூட மெஷின் முடிவு செய்யாது. கால் பெடலை எவ்வளவு அழுத்துகிறது, கை எவ்வளவு வேகமாக நகர்கிறது, இரண்டும் ஒத்துப்போனால் தையல் ஒரே சீராக வரும். கை முந்தினால் தையல் நீண்டுவிடும், கால் முந்தினால் பொடிப்பொடியாகக் குவியும்.

இந்த ஒத்துப்போதல் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, பழகித்தான் வரும். அதனால் முதல் வாரம் மெஷின் பக்கமே போகவில்லை. காகிதத்தில் பென்சிலை எடுக்காமல், கோடு கோட்டைத் தொடாமல், வளைந்து வளைந்து பக்கம் முழுவதும் நிரப்பச் சொன்னோம். குயில்ட் தைப்பவர்கள் துணியின் பின்னணியை நிரப்ப அதிகமாகப் பயன்படுத்தும் வடிவம் இதுதான், ஓடை மாதிரி அலைந்துகொண்டே போகும். பார்க்கச் சுலபம், செய்தால் ஒரு மூலையில் மாட்டிக்கொள்வோம். வெளியே வர வழி வைத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும் என்று ஒரு ஏழாம் வகுப்பு மாணவி தன் பக்கத்துப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதைவிடத் தெளிவாக நாங்கள் சொல்லியிருக்க முடியாது. இரண்டாவது வாரம் நூல் கோக்காமல் வெறும் ஊசியால் காகிதத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இப்போதுதான் துணிக்கு வந்திருக்கிறோம், அதுவும் பழகுவதற்கான துண்டு. அசல் குயில்ட் அடுத்த வாரம்.

பாதுகாப்பைப் பற்றி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள், கேட்க வேண்டிய கேள்வி. ஒரு மெஷினுக்கு ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பெரியவர். வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதியுள்ள மெஷின்களை மட்டும்தான் பயன்படுத்துகிறோம். விரல்கள் ஊசியிலிருந்து குறைந்தது மூன்று விரற்கடை தள்ளி, துணியின் இரண்டு பக்கமும் சட்டம் போட்டது மாதிரி இருக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கும்போது கால் பெடலில் இருக்கவே கூடாது, மெஷினும் அணைந்திருக்க வேண்டும். ஊசி ஓடும்போது துணியை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து கீழே இருக்கும் தகட்டில் இடித்து உடையும், அதனால்தான் மெதுவாக, தொடர்ச்சியாக நகர்த்தச் சொல்கிறோம், மூக்குக்கண்ணாடி போடாத பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தருகிறோம். உங்களால் ஆக வேண்டியது இரண்டுதான்: தையல் வகுப்பு உள்ள நாட்களில் தலைமுடியை இறுக்கிக் கட்டி அனுப்புங்கள், தொங்கும் சங்கிலியும் வளையலும் வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் வந்தது. மெஷினில் தைப்பது கைவேலை ஆகுமா, ஊசி நூல் கொடுத்துக் கையால் தைக்கவிட்டால் என்ன என்று. குயில்ட் தைப்பவர்களுக்குள்ளேயே இந்த வாதம் பல வருடம் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பதூக்கா நகரில் நடக்கும் பெரிய குயில்ட் கண்காட்சியில், 1989-ல் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவர் மெஷினில் குயில்ட் செய்த படைப்புக்கு முதல் பரிசு கொடுத்தார்கள், அதற்கு முன் அங்கே அந்தப் பரிசு கையால் தைத்தவற்றுக்கே போயிருந்தது. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கோட்டை எங்கே வளைப்பது, எங்கே நிறுத்துவது என்று கைதான் முடிவு செய்கிறது என்றால் அது கைவேலைதான். இரண்டு பிள்ளைகளிடம் ஒரே நட்சத்திரத்தைக் கொடுத்துத் தைக்கச் சொல்லிப் பாருங்கள், கையெழுத்து மாதிரி இரண்டும் வேறு வேறாக வரும்.

இதிலிருந்துதான் நான் கேட்க வந்த விஷயம் தொடங்குகிறது. தயவுசெய்து பிள்ளைகள் தைத்ததை வீட்டில் பிரிக்காதீர்கள், சரிசெய்து தராதீர்கள்.

போன வருடம் ஒரு சின்னக் குழுவை வைத்து இதைச் செய்து பார்த்தோம். ஒரு மாணவன் தேவதாரு மரம் ஒன்றைத் தைத்திருந்தான், கோடு ஒரு பக்கம் சரிந்திருந்தது, பின்பக்கத்தில் நூல் கண்ணிமை முடி மாதிரி சின்னச் சின்ன வளையமாகத் தெரிந்தது. வளைவில் கையைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் அப்படி வரும், புதிதாகக் கற்கும் எல்லோருக்கும் வரும். ஓரப்பட்டி மட்டும் வைக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்தபோது மரம் நேராக இருந்தது, தையல் ஒரே அளவில் இருந்தது, மிக அழகு. வீட்டில் யாரோ ராத்திரி உட்கார்ந்து பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள், அன்பினால்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லோரும் தங்கள் குயில்ட் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோது அவன் வேறொரு பையனின் குயில்ட் பக்கத்தில் போய் நின்றான். நான் ஏன் என்று கேட்டேன். அது என்னுடையது இல்லை மிஸ் என்றான்.

அதனால்தான் இந்த வருடம் எந்தக் குயில்டும் முடிவதற்கு முன் வீட்டுக்கு வராது. ஓரப்பட்டி உட்பட எல்லாம் இங்கேயே. வீட்டில் பழக மெஷின் இருந்தால் நல்லதுதான், பழைய துணியில் பழகட்டும், பக்கத்தில் இருங்கள், ஆனால் கை வைக்காதீர்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஃப்ரீ மோஷன் பாதம் துணியைத் தொடாமல் மேலேயே நிற்பது போலத் தெரிவதால், பாதத்தை இறக்கும் கைப்பிடியைக் கீழே தள்ள மறந்துவிடுவார்கள். அப்படி ஓட்டினால் மேல் நூலில் இறுக்கம் இருக்காது, துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுற்றிக்கொள்ளும். பயப்பட ஒன்றுமில்லை, நறுக்கி எடுத்துவிட்டு, கைப்பிடியை இறக்கி, பாபின் நூலை, அதாவது அடியில் சின்ன உருளையில் சுற்றியிருக்கும் நூலை, மேலே இழுத்து எடுத்து, இரண்டு நூல் முனையையும் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

என்ன வடிவம் தைப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள். கோட்டை முறிக்காமல் தைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நாங்கள் வைத்த நிபந்தனை. மரம் சுலபம், உச்சியில் தொடங்கி இடமும் வலமுமாக அகலப்படுத்திக்கொண்டே இறங்கினால் மரம். ஐந்து முனை நட்சத்திரத்தைக் கையெடுக்காமல் போடப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். மணி, மெழுகுவர்த்தி, தொழுவம், சிறகு விரித்த தேவதை என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகளும் இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள், அவர்கள் இலை, பறவை, நிலா, தங்கள் பெயரின் முதல் எழுத்து என்று எது வேண்டுமானாலும் தைக்கலாம், அதுவும் அதே சுவரில் அதே வரிசையில்தான் தொங்கும். யாரையும் எதுவும் தைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது எட்டாம் வகுப்பினர் பழகும் துண்டில் செய்துகொண்டிருப்பது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வெறும் துணி. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால்தான் விஷயம் தெரியும். நட்சத்திரத்துக்கு உள்ளே தைக்காமல் விட்டுவிட்டு, அதைச் சுற்றி மிளகு அளவு வட்டங்களாக நெருக்கி நெருக்கித் தைத்திருக்கிறார்கள், தைத்த இடம் அமுங்கிப்போகிறது, தைக்காத நட்சத்திரம் பஞ்சோடு உப்பி மேலே வருகிறது. வண்ணமே இல்லாமல் நிழலால் மட்டும் ஒரு படம். அதை எங்கே மாட்டுவது என்று பிள்ளைகளே சுற்றிச் சுற்றிப் பார்த்து, மாலை வெயில் சாய்ந்து விழும் வராந்தாச் சுவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் முன்வாசலைச் சொன்னேன், அங்கே வெளிச்சம் நேரே முகத்தில் அடிக்கும், ஒன்றும் தெரியாது என்றார்கள், போய்ப் பார்த்தேன், அவர்கள் சொன்னதுதான் சரி.

அப்புறம், துணி வேண்டும். புதிது வாங்கவே வேண்டாம். பழைய பருத்திச் சட்டை, தலையணை உறை, படுக்கை விரிப்பு, எது கிழிக்கக் காத்திருக்கிறதோ அதைக் கொடுங்கள். பருத்தியாக இருக்கட்டும், இழுத்தால் நீளும் பனியன் துணி வேண்டாம், அது தைக்கும்போது சுருங்கிக் கோணலாகும், அதற்குப் பிள்ளையின் கையைக் குறை சொல்ல முடியாது. துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பினால் உதவியாக இருக்கும். சிவப்புத் துணி என்றால் தனியாக ஒருமுறை ஊறவைத்துப் பாருங்கள், சாயம் போகும் துணியைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், பின்னால் துவைக்கும்போது பக்கத்திலிருக்கும் வெள்ளையெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். ஒரு குயில்டுக்கு 25 சென்டிமீட்டர் சதுரமாக இரண்டு துண்டு போதும். 20 சென்டிமீட்டர் குயில்டுக்கு ஏன் 25 என்றால், தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும், கையால் பிடித்துக்கொள்ள ஓரமும் வேண்டும், முடிந்த பிறகுதான் அளவுக்கு வெட்டுவோம். பெரிய ஊக்குகள் வீட்டில் கிடந்தால் அவற்றையும் கொடுத்தனுப்புங்கள், மூன்று அடுக்கும் நகராமல் பிடித்து வைக்க நிறையத் தேவைப்படுகிறது. நூலும் பஞ்சு விரிப்பும் ஊசியும் பள்ளியே தரும்.

மாட்டுவது டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டாமல், தினமும் காலையில் சில பிள்ளைகள் தங்களுடையதைத் தாங்களே கொண்டுவந்து மாட்டுவார்கள், விடுமுறைக்கு முந்தைய நாள் சுவர் நிறைந்திருக்கும். குயில்டின் பின்பக்க மேல் மூலைகளில் மடித்த முக்கோணத் துணி இரண்டு வைத்துத் தைக்கிறோம், அதற்குள் ஒரு மெல்லிய குச்சியைச் செருகினால் போதும், துணியில் ஆணி அடிக்க வேண்டாம். மெழுகுவர்த்தி எதுவும் பக்கத்தில் இருக்காது, சூடாகாத எல்இடி விளக்குகள் மட்டும்தான். பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கதவு திறந்திருக்கும், எந்த நாளும் வந்து பார்க்கலாம். வரும்போது உங்கள் பிள்ளையிடம் எங்கே தொடங்கி எங்கே முடித்தாய் என்று கேளுங்கள், ஒரே கோடுதான் என்பதால் விரலை வைத்து முழுவதும் ஓட்டிக் காட்டுவார்கள்.

ஜனவரியில் குயில்ட் உங்கள் வீட்டுக்கு வரும். மடித்து வைத்தால் மடித்த இடத்தில் தடம் விழுந்துவிடும், அதனால் சுருட்டி ஒரு துணிப் பையில் போட்டு வையுங்கள், அடுத்த டிசம்பரில் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

துணிகளை இந்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தையல் தெரிந்தவர்கள் வகுப்பு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார விரும்பினால் அதையும் அவரிடமே சொல்லுங்கள், செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மதியம் ஆள் தேவைப்படுகிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்