விரிப்புகள் அடுக்கும் அறையில் மூன்று பேர்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் என் ஸ்தோத்திரங்கள். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன்.

அம்மா, போன வாரம் தொலைபேசியில், "உன்னோடு சேர்ந்து முழங்கால்படியிட அங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டீர்கள். வேலைக்கு நேரமாகிவிட்டதால், "இருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு முழுப் பதிலை எழுதித்தான் சொல்ல முடியும்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் ஓர் ஆலயத்துக்குப் போனேன். வாசலில் கைகுலுக்கி வரவேற்றார்கள், பிரசங்கமும் நன்றாகவே இருந்தது, ஆனால் அத்தனை வாரத்திலும் என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நியாயமாகச் சொன்னால், தவறு அவர்களுடையது மட்டுமன்று. யாரேனும் பேச வந்தால் அவர்கள் மொழியில் தட்டுத் தடுமாற வேண்டியிருக்குமே என்ற கூச்சத்தில், ஆசீர்வாதம் கூறி முடிந்ததுமே நான் எழுந்து வெளியேறிவிடுவேன். அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தும்போது, நூறு பேர் நடுவில் இருந்துவிட்டுத் தனியாக வந்திருக்கிறோம் என்பது நெஞ்சை அடைக்கும். இதை அப்போது உங்களுக்கு எழுதவில்லை, மன்னியுங்கள்.

ஐக்கியம் எனக்கு வேலையிடத்தில்தான் கிடைத்தது. முதியோர் இல்லத்தில் இரவுப் பணியின் நடுவே இருபது நிமிடம் இடைவேளை உண்டு. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் முன் நான் கண்மூடி ஜெபிப்பது வழக்கம். ஓர் இரவு கண்ணைத் திறந்தபோது, எதிர் மேசையில் இருந்த மூத்த பணியாளரான சகோதரி ஒருவரும் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்து மெதுவாக, "ஆமென்" என்றார். எங்கள் இருவர் மொழியிலும் மாறாமல் இருந்த முதல் சொல் அதுதான். மறுநாள் அவர் தம் தட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

அப்பா, அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தை நீங்கள் எத்தனையோ முறை எங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். யூதர்கள் ரோமாபுரியை விட்டுப் போகவேண்டும் என்று கிலவுதியு ராயன் கட்டளையிட்டதால் ஊரைவிட்டு வந்த ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும், கொரிந்துவில் யாருமில்லாமல் வந்து சேர்ந்த அப்போஸ்தலன் பவுலும், மூவருமே அந்த ஊருக்கு அந்நியர்கள். கூடாரம் பண்ணுகிற தொழில் அவர்களுக்கும் பவுலுக்கும் ஒன்றாயிருந்தபடியால் பவுல் அவர்கள் வீட்டிலேயே தங்கி வேலைசெய்தார் என்று எழுதியிருப்பதை இங்கு வந்த பிறகுதான் நின்று வாசித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே துணியைத் தைத்துக்கொண்டிருந்த மூன்று பேரை இப்போது என்னால் கண்ணால் காண முடிகிறது.

எங்களோடு மூன்றாவதாகச் சேர்ந்தவர் ஆர்த்தடாக்ஸ் என்னும் பழைய கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த சகோதரி. படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் சிறிய அறையில், இடைவேளையின் கடைசிப் பத்து நிமிடம் மூவரும் கூடி ஒரு சங்கீதம் வாசிப்போம். முதல் நாள் நான் 23ஆம் சங்கீதம் என்றேன். அந்தச் சகோதரி தம் மொழி வேதாகமத்தில் அதைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். வேறு ஏதோ சங்கீதம் வந்தது. அவர்கள் பின்பற்றுவது பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வரிசை. நம்முடைய 9ஆம் 10ஆம் சங்கீதங்கள் அதில் ஒன்றாக இணைந்திருப்பதால், நமக்கு 23 அவர்களுக்கு 22. முந்தின பக்கத்துக்குப் புரட்டியதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். அதே மேய்ப்பன், அதே அமர்ந்த தண்ணீர்கள். அவரவர் மொழியில், அவரவர் வேகத்தில் மூவரும் சேர்ந்து வாசித்து முடித்தோம்.

குளிர்காலத்தில் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். நான் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் காலை, இரவுப் பணி முடித்த அதே உடையில் மூத்த சகோதரி கதவைத் தட்டினார். உள்ளே வந்தவர் முதலில் ஜெபிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கழுவாமல் குவிந்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். அதன் பிறகே கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, இன்னும் ஈரம் காயாத கையை என் நெற்றியில் வைத்து ஜெபித்தார். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்று கலாத்தியருக்கு எழுதியிருப்பதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். என் பாரத்தை இன்னொருவர் சுமக்க விட்டது அதுவே முதல் முறை. அது எளிதாக இல்லை, அம்மா.

எப்போதும் இனிமையாகவே இருந்தது என்றும் சொல்லமாட்டேன். ஒருமுறை ஞாயிற்றுப் பணியை மாற்றிக்கொள்வது பற்றி அந்த ஆர்த்தடாக்ஸ் சகோதரியிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். இரண்டு இரவு அந்த அறைக்குள் போக எனக்கு முகமில்லை. மூன்றாம் இரவு மன்னிப்புக் கேட்டேன், அவரும் கேட்டார். அதற்குப் பின்னால் நாங்கள் பேசும் பேச்சே மாறியது. நலம் விசாரிப்பதோடு நிற்காமல், தவறியதையும் பயந்ததையும் மறைக்காமல் சொல்லிக்கொள்கிறோம்.

மூத்த சகோதரி மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவர். அவர் சொன்ன செய்தி ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார், ஜெபவீட்டின் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி திரட்டத் தீர்மானித்து, பன்னிரண்டு பேருக்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்தார்களாம். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அங்கே இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதில் தடுமாறுகிறார்கள் என்பதை முதல் முறையாகக் கண்டார்கள். கடனுக்காகத் தொடங்கிய அந்த ஏற்பாடே ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கும் வாராந்திர வகுப்பாக மாறிற்று. ஆதித் திருச்சபை தரித்திருந்ததாக நம் வேதாகமம் சொல்லும் "அந்நியோந்நியம்" என்ற சொல்லை, வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகும் உறவு என்றே இப்போது நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தப் பழைய ஆலயத்துக்கும் மீண்டும் போகத் தொடங்கியிருக்கிறேன், இம்முறை கடைசிவரை இருக்கிறேன். போன ஞாயிறு பின் வரிசையில் புதிதாக ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து போகப் பார்த்தாள். நான் வாசலில் நிறுத்தி அவள் பெயரைக் கேட்டேன்.

ஒரு வேண்டுகோள். மூத்த சகோதரிக்கு வரும் வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. அவர் பெயரைத் தனித்தாளில் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ஜெபக் குறிப்பேட்டில் எங்கள் பெயர்களுக்குக் கீழே அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. நீங்கள் எழுதுவீர்கள் என்று அவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்