செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, டோக்கியோ நிஷிகசாய் வட்டாரத் தமிழ்க் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆண்டில் 6 முறை கூடியது. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, பொங்கல் மூன்றும் குறைவின்றி நடந்தேறின. கொமாட்சுகாவாவில் செர்ரிப் பூ பார்க்கப் போன அன்று மழை வந்து பாதியில் கலைந்தோம். சிறுவர் தமிழ் வகுப்பு தொடர்கிறது.

அடுத்தது கானா வகுப்பு, அதாவது ஜப்பானிய ஒலியெழுத்துகளான ஹிராகானா, கத்தக்கானா இரண்டையும் கற்கும் வகுப்பு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சென்ற பொதுக்குழுவில் நான் இந்த யோசனையை வைத்தபோது, "கைப்பேசியைக் காட்டினால் அதுவே படித்துச் சொல்கிறது, இந்த வயதில் எழுத்து எதற்கு?" என்று கேட்டீர்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று இருக்கிறது.

நம் எடோகாவா வார்டின் நிலத்தில் சுமார் 70 விழுக்காடு, கடல் ஏறும் நேரத்து நீர் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. 2019 மே மாதம் வார்டு அலுவலகம் வெள்ள அபாய வரைபடம் ஒன்றை வீடுதோறும் அனுப்பியது. அதில் நாம் குடியிருக்கும் பகுதியின் மேலேயே பத்து எழுத்துகள் போட்டிருந்தார்கள். "இங்கே இருக்கக் கூடாது" என்பது அதன் பொருள். ஜப்பானியத்தில் கலந்து வரும் சீன எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எட்டு ஹிராகானா, இரண்டு கத்தக்கானா, அவ்வளவுதான். இங்கே முதல் வகுப்புப் பிள்ளை படித்துவிடும். நான் அதை அலமாரியில் வைத்துவிட்டு ஐந்து ஆண்டு அதன் கீழேயே குடியிருந்தேன். மின்சாரம் நின்று கைப்பேசியும் அணைந்துபோன இரவில் எந்தச் செயலி இதைப் படித்துச் சொல்லும்? வகுப்பைத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

ஜூன் முதல் ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு வகுப்பு நடந்தது. பெயர் கொடுத்தவர்கள் 31 பேர். முதல் நாள் வந்தவர்கள் 22. ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிறகு 9. நமக்குக் கற்பிப்பவர் பக்கத்துத் தெருவில் வசிக்கும், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒரு யென் வாங்கவில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிறு அவருக்கு முன் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். வகுப்பு முடிந்ததும் நமக்காக விரித்துப் போட்டிருந்த இருபது நாற்காலிகளையும் அவரே ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். நான் ஓடிப்போய்க் கை கொடுப்பதற்குள் பாதிக்கு மேல் முடித்துவிட்டார். அந்தக் காட்சியை வராதவர்களும் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நமக்கு இது கடினமான படிப்பே அல்ல. அடிப்படை எழுத்து 46. உயிர் ஐந்தும் அ, இ, உ, எ, ஒ. அதன் பின் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசை போகிறது. ஹ நிற்கும் இடத்தில் பழைய ஜப்பானிய மொழியில் ப ஒலிதான் இருந்தது. அதைப் போட்டுப் படித்துப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கின் அதே நடை! வடமொழி ஒலியியல் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக இந்நாட்டுக்கு வந்த வரிசை இது. குறில் நெடில் வேறுபாடு நமக்குப் பால்குடியிலிருந்தே பழக்கம். அத்தைக்கும் (ஒபசான்) பாட்டிக்கும் (ஒபாசான்) ஜப்பானியத்தில் அதுதான் வித்தியாசம். ஒலியை இரட்டிக்கச் சிறிய 'ட்சு' போடுவதும் நம் ஒற்று மாதிரியேதான்.

தடுமாறும் இடமும் நம் தமிழிலிருந்தே வருகிறது. ககரம் ஒன்றையே இடத்துக்கேற்ப வலித்தும் மெலித்தும் ஒலிப்பவர்கள் நாம். அங்கே மெலிய வேண்டுமானால் எழுத்தின் தோளில் இரண்டு சிறு கோடுகள் இட்டாக வேண்டும். நாங்கள் எல்லோருமே அதை விட்டுவிட்டோம். 'ககி' என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தில் கோடு இருந்தால் சாவி, இல்லாவிட்டால் பெர்சிமன் பழம்.

கத்தக்கானாவில் 'ஷி', 'ட்சு' இரண்டும் மூன்று வாரம் எடுத்தன. 'ஷி'யில் இரு சிறு கோடுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும், நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும். 'ட்சு'வில் அவை மேலே அருகருகே நிற்கும், நீண்ட கோடு மேலிருந்து இறங்கும். கை போகும் திசை பிடிபட்டால் கண்ணும் பழகிவிடும். இதனால்தான் எழுதிப் படிக்க வேண்டும் என்கிறேன். கைப்பேசியைப் பார்த்து எழுதியவர்கள் ஹிராகானா 'ச'வின் அடிவளைவைச் சேர்த்தே எழுதினார்கள். அச்சில் சேர்ந்திருக்கும், கையெழுத்தில் விட்டு எழுத வேண்டும். ஆசிரியை சிவப்பு மையில் திருத்தி, சரியானதற்குச் சுருள் வட்டமும் சுற்றி இதழ்களும் போட்டு ஒரு பூ வரைவார். ஐம்பது வயதில் அந்தப் பூவுக்காக நான் ஒரு பக்கத்தைத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

செப்டம்பரில் மகன் வீட்டுக்கு மூன்று மாத விசாவில் வந்த அம்மா ஒருவர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நவம்பரில் அவரைப் பேரங்காடியில் பார்த்தேன். சிப்ஸ் பொட்டலத்தைக் கண்ணருகே பிடித்து விரலால் தொட்டுத் தொட்டு, "போ... கு... எ... கி... சு" என்று படித்தார். பன்றி இறைச்சிச் சாறு. சைவக்காரரான அவர் பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "தம்பி, பேரனுக்கு இதைத்தான் இத்தனை நாளாக வாங்கிக் கொடுக்கிறார்கள்" என்றார். பத்தாண்டுகளாக இங்கே வாழும் நம் உறுப்பினர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் கடைசி வகுப்பில் அந்த வரைபடத்தை மேசைமேல் விரித்தோம். வந்திருந்த 7 பேரும் பத்து எழுத்தையும் படித்தோம். ஆறாவது எழுத்தில் மட்டும் இருவர் தயங்கினார்கள். எழுதுவது 'ஹ', அவ்விடத்தில் ஒலிப்பது 'வ'.

வரவு செலவைப் பொருளாளர் முன்வைப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. வகுப்புக்கு ஆனது அறை வாடகையும் கட்டம் போட்ட நோட்டுகளின் விலையும் மட்டுமே. குறைவுக்கு வகுப்பு காரணம் அல்ல. ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களின் சந்தா இன்னும் வரவில்லை. பொங்கல் பந்தியில் அந்தக் குடும்பங்களையும் மகிழ்ச்சியோடு உபசரித்தோம். பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், பொங்கல் சமையல் செய்தவர்களுக்கும், அரங்கு துடைத்த இளைஞர்களுக்கும் நன்றி. ஆசிரியைக்குச் சங்கத்தின் சார்பில் தனியாக நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறோம், முழுவதும் ஹிராகானாவில்.

மூன்று ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். வேறொருவர் முன்வந்தால் மனமுவந்து ஒப்படைப்பேன். வகுப்பு நிற்கக் கூடாது என்பது ஒன்றுதான் என் கோரிக்கை. ஆசிரியை இன்னும் ஓராண்டு வரச் சம்மதித்திருக்கிறார், குறைந்தது 12 பேர் இருந்தால். இதுவரை உறுதி சொன்னவர்கள் 8. அறையை இந்த மாதக் கடைசிக்குள் பதிவு செய்ய வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலருகே பெயர் எழுதும் தாளோடு நிற்பேன். நோட்டு நாங்கள் தருகிறோம். 2பி பென்சில் ஒன்று கொண்டு வாருங்கள்.

செயலாளர்