360 என்று போட்டிருந்தால் நீளம் 360 மி.மீ. அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேசைக் கணினிக்கு லிக்விட் கூலர் (பிராசஸரின் சூட்டைத் தண்ணீர் வழியாக வெளியேற்றும் கருவி) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கூலர் பெட்டியில் '360', கேபினெட் விளம்பரத்தில் '360 ரேடியேட்டர் பொருந்தும்'. அப்புறம் என்ன சந்தேகம் என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பொருத்தும்போதுதான் ராம் இடிக்கிறது, கிராபிக்ஸ் கார்டு உள்ளே போக மறுக்கிறது. சீல் பிரித்த பொருளைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கடையில் வாக்குவாதம் செய்ய வேண்டியதாகிறது. ஓர் இஞ்ச் டேப்பும் கால் மணி நேரமும் இருந்தால் தவிர்க்கக்கூடிய நஷ்டம் இது என்பதால், எதை எப்படி அளப்பது என்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. ரேடியேட்டர் என்பது சூடான தண்ணீரை ஃபேன் காற்றால் ஆற்றும் நீளமான பாகம். 120, 240, 360 என்பவை 120 மி.மீ. ஃபேன் எத்தனை பொருந்தும் என்பதைச் சொல்கின்றன; 140, 280, 420 என்பவை 140 மி.மீ. ஃபேன்களின் கணக்கு. ரேடியேட்டரின் இரு முனையிலும் தண்ணீர் திரும்பும் சிறு தொட்டிகள் உண்டு. அவை இந்தக் கணக்கில் சேராது. அதனால் 240 என்று விற்கப்படுவது உண்மையில் சுமார் 275 மி.மீ. நீளம். 280 என்பது சுமார் 315. 360 என்பது 395 முதல் 400 வரை போகும். 420 என்பது கிட்டத்தட்ட 458. ஆக, 360 ரேடியேட்டருக்கு 360 மி.மீ. இடம் ஒதுக்கியவருக்கு 40 மி.மீ. பற்றாக்குறை.

அடுத்தது தடிமன். நீளத்தைவிட இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சந்தையில் உள்ள பெரும்பாலான ரேடியேட்டர்கள் 27 மி.மீ. தடிமன் கொண்டவை. ஃபேன் 25 மி.மீ. இரண்டும் சேர்ந்தால் 52. ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்விட் ஃப்ரீசர் வரிசையில் ரேடியேட்டரே 38 மி.மீ.; ஃபேனோடு 63. நல்ல கூலர்தான், ஆனால் அந்தக் கூடுதல் 11 மி.மீ. பல கேபினெட்டுகளில் மேல்பக்கம் பொருத்தும் வாய்ப்பையே இல்லாமல் செய்துவிடும். ரேடியேட்டரின் இரு பக்கமும் ஃபேன் வைக்க ஆசைப்பட்டால் 27 மி.மீ. ரேடியேட்டருக்கே 77 வேண்டும்.

மேல்பக்கம் பொருத்துவதுதான் பம்புக்கு நல்லது, காரணம் பிறகு. ஆனால் அங்குதான் இடம் குறைவு. கேபினெட்டைப் படுக்கவைத்து, மதர்போர்டைத் திருகி, பக்கக் கதவைக் கழற்றிவிட்டு இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். ஒன்று, மேல்தகட்டின் உட்புறத்திலிருந்து மதர்போர்டின் மேல் விளிம்பு வரை. அது 52 மி.மீ.க்கு மேல் இருந்தால் கவலையே இல்லை. ரேடியேட்டரும் ஃபேனும் போர்டுக்கு மேலேயே நின்றுவிடும். நடுத்தர அளவுக் கேபினெட்டுகளில் அப்படி இருப்பது அபூர்வம். உதாரணத்துக்கு 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மீதி 22 மி.மீ. போர்டின் முன்னால் கீழே இறங்கித் தொங்கும். ராம் ஸ்லாட்டின் மேல்முனையும், வோல்டேஜைச் சீராக்கும் பகுதியின் ஹீட்சிங்கும் (சூடு தணிக்கும் உலோகப் பாளம்), பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் கனெக்டரும் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

அப்போது இரண்டாவது அளவு தேவைப்படும்: மதர்போர்டின் பரப்பிலிருந்து, மேல்தகட்டில் உள்ள ஃபேன் திருகுத் துளை வரிசைகளில் போர்டுக்கு அருகில் இருப்பது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. துளை நீள்வாக்கில் வெட்டப்பட்டிருந்தால் கண்ணாடிக் கதவின் பக்கமாக முழுதும் தள்ளிய நிலையில் அளக்கவும். 120 மி.மீ. ஃபேனில் திருகுகளுக்கு இடையே 105 மி.மீ.; எனவே துளையின் மையத்திலிருந்து ஃபேனின் விளிம்பு 7.5 மி.மீ. வெளியே வரும். அளந்த எண்ணில் 7.5ஐக் கழித்தால் கிடைப்பதுதான் போர்டின் மேல் பாகங்கள் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்ற வரம்பு. துளை 50 மி.மீ. தள்ளி இருந்தால் வரம்பு 42.5. அலங்கார மூடி இல்லாத சாதாரண டிடிஆர் 4 ராம் 31 மி.மீ. சொச்சம், தாராளமாக நிற்கும். ஜி.ஸ்கில் டிரைடென்ட் இசட் ஆர்ஜிபி 44 மி.மீ., கோர்செய்ர் வெஞ்சன்ஸ் ஆர்ஜிபி புரோ 51 மி.மீ.; இரண்டும் இடிக்கும். ஸ்லாட்டில் உட்கார்ந்த பிறகு உயரம் இன்னும் சில மி.மீ. கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரியும் ராமுக்காகக் கூலரையே மாற்றுவதைவிட, உயரம் குறைந்த ராம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

280 வாங்க நினைப்பவர்கள் இதே அளவை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 140 மி.மீ. ஃபேனின் துளை இடைவெளி 124.5 மி.மீ.; 120க்கான துளையில் அதைத் திருகவே முடியாது. அகலமும் சுமார் 20 மி.மீ. கூடுகிறது, அது ராம் பக்கமாகத்தான் வந்து நிற்கும். ஆனால் இடம் இருந்தால் 280 அருமையான தேர்வு. ஃபேன் மூடும் பரப்பைக் கணக்கிட்டால் 240க்கு 288 சதுர செ.மீ., 280க்கு 392, 360க்கு 432. நீளத்தில் 360ஐவிட 80 மி.மீ. குறைவாக இருந்துகொண்டு, பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு தருகிறது. நம் கடைகளில் இதைச் சிபாரிசு செய்பவர்கள் குறைவு என்பது வருத்தம்தான்.

மேல்பக்கம் நீளவாக்கில் அளக்கும்போது பின்சுவரில் உள்ள ஃபேனையும் முன்பக்க ஃபேன்களையும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் 25 மி.மீ. எடுத்துக்கொள்ளும். தொங்கும் ரேடியேட்டர் பின்பக்க ஃபேனின் தலையில் இடித்தால், அந்த ஃபேனைத் துளை அனுமதிக்கும் அளவுக்குக் கீழே இறக்கிப் பார்க்கலாம்.

முன்பக்கம் பொருத்துவதானால் பிரச்சினை வேறு. 360 ரேடியேட்டர் நிற்க, அடித்தகட்டிலிருந்து மேல்தகடு வரை சுமார் 400 மி.மீ. தடையில்லாமல் இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மூடும் தகட்டின் முன்முனையில் வெட்டு விட்டிருக்கிறார்களா, அதன் பின்னால் உள்ள ஹார்டு டிஸ்க் கூட்டை நகர்த்தவோ கழற்றவோ முடியுமா என்று பார்க்கவும். கூட்டைக் கழற்றினால் பழைய ஹார்டு டிஸ்க்கை எங்கே வைப்பது என்பதையும் அப்போதே யோசிக்க வேண்டும்.

பிறகு கிராபிக்ஸ் கார்டு. கேபினெட் விவரத்தில் 'கார்டு நீளம் 360 மி.மீ. வரை' என்று இருப்பது பெரும்பாலும் முன்பக்கம் ரேடியேட்டர் இல்லாதபோது. முன்பக்க ஃபேன் சேர்த்த அளவா, சேர்க்காததா என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஃபேன் சேர்த்த அளவு என்றால் அதிலிருந்து 27 கழித்து 333. ஃபேன் சேர்க்காதது என்றால் 52 கழித்து 308. என்விடியா தானே வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் நீளம் 304 மி.மீ.; இரண்டு கணக்கிலும் போய்விடும், இரண்டாவதில் 4 மி.மீ. மிச்சத்தோடு. அதே 4090இன் ஆசுஸ் ஸ்ட்ரிக்ஸ் கார்டு 357 மி.மீ.க்கும் மேல், இரண்டிலும் போகாது. சில கேபினெட்டுகளில் ஃபேனை முன்மூடிக்கும் சட்டகத்துக்கும் இடையே உள்ள சந்தில் வைத்துவிட்டு ரேடியேட்டரை மட்டும் உள்ளே நிறுத்தலாம். சந்து 25 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று முன்மூடியைக் கழற்றி அளந்துவிட்டால், கார்டுக்கு ஓர் அங்குலம் கிடைத்துவிடும்.

எண்களில் நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு வழி. கெட்டி அட்டைப்பெட்டியை வெட்டி 398க்கு 120க்கு 52 மி.மீ. அளவில் ஒரு கட்டை செய்து ஒட்டி, மேல்பக்கமும் முன்பக்கமும் வைத்துப் பாருங்கள். எந்த ஒயரின் மேல் அமர்கிறது, கதவு மூடுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். தெர்மாகோல் வேண்டாம், துகள் உதிர்ந்து ஃபேனில் போய்ச் சேரும்.

இப்போது மேல்பக்கம் ஏன் நல்லது என்ற விஷயம். இந்தக் கூலர்கள் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்டவை. உள்ளே கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும். ரப்பர் ட்யூப் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் மெல்ல ஆவியாகிக் கசிவதால் காற்று கூடிக்கொண்டே போகும். காற்று எப்போதும் உயரமான இடத்துக்குப் போய்ச் சேரும். பெரும்பாலான கூலர்களில் பம்ப் பிராசஸரின் மேல் அமரும் பகுதியில் இருக்கிறது. ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் பொருத்தினால் உயரமான இடம் பம்புதான். காற்று அங்கே தேங்கும், களகளவென்று சத்தம் வரும், பம்ப் தேயும், பிராசஸர் சூடேறும். முன்பக்கம் பொருத்தினால் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். ட்யூப் கீழ்முனையிலிருந்து வருமாறு திருப்பி வைத்தால் இன்னும் நல்லது. மேலே தேங்கிய காற்று ட்யூப் வாய்க்கு வராது. ஆனால் ட்யூப் நீளம் பெரும்பாலும் 400 மி.மீ.க்கு முன்பின்னாகத்தான் இருக்கும். நீளமான கார்டு குறுக்கே நின்றால் சுற்றிக்கொண்டு வர எட்டாது. இழுத்து மடக்கினால் நீரோட்டம் தடைபடும். அப்படி இழுபட்டு நிற்பதைவிட, ட்யூப் மேலே இருப்பதே மேல்.

திருகைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் செய்யும் தவறுக்குத் திருத்தமே கிடையாது. திருகுத் துளைக்கு நேர் பின்னால் தண்ணீர் ஓடும் தட்டைக் குழாய் இருக்கிறது. எல்லா ரேடியேட்டரிலும் அதற்கு மறைப்புத் தகடு வைப்பதில்லை. 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. திருகு தருவார்கள்; 5 மி.மீ. உள்ளே பிடிக்கும். இடம் போதவில்லை என்று 15 மி.மீ. மெல்லிய ஃபேனுக்கு மாறிவிட்டு அதே 30 மி.மீ. திருகைப் போட்டால், 15 மி.மீ. உள்ளே இறங்கிக் குழாயைக் குத்திவிடும். கேபினெட் தகட்டோடு நேரடியாகப் பிணைக்க 5, 6 மி.மீ. குட்டைத் திருகுதான். இதோடு, சில நிறுவனங்கள் எம் 3 திருகும், சில 6-32 திருகும் தருகின்றன. பார்க்க ஒன்றுபோல இருக்கும், மரை வேறு. கையால் இரண்டு சுற்று சுலபமாகப் போகாத திருகை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி ஏற்றவே கூடாது. மேல்பக்கம் திருகும் முன் 8 பின் கனெக்டரையும் ஃபேன் ஒயர்களையும் செருகிவிட வேண்டும். பிறகு விரல் நுழையாது.

எல்லோருக்கும் 360 தேவையா? இல்லை. ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசஸர் இழுக்கும் மின்சார வரம்பே 88 வாட். நல்ல ஏர் கூலர் போதும். ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு வரம்பு 162 வாட், கேம் ஓடும்போது அதில் பாதிகூட எட்டாது, 240 தாராளம். இன்டெல் ஐ 9 14900கே 253 வாட் வரை போகும். அதற்குத்தான் 360 அல்லது 420 என்று யோசிக்க வேண்டும். மே மாதத்து அறையில் 38 டிகிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் அதற்குக் கீழே குளிராது. எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் இதுதான். அதே காரணத்தால், குளிர்ந்து வியர்த்து உள்ளே தண்ணீர் சொட்டும் என்ற பயமும் வேண்டாம். பழைய கூலரைப் புதுக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் கூலரைப் போர்டில் பிணைக்கும் பிராக்கெட்டைச் சரிபார்க்கவும்: இன்டெல் எல்ஜிஏ 1700 என்ற பிராசஸர் சாக்கெட்டில் துளை இடைவெளி 75 மி.மீ.யிலிருந்து 78 ஆகிவிட்டது.

கடைகளுக்கும் இணைய விற்பனையாளர்களுக்கும் எங்கள் கோரிக்கை பெரிதல்ல. கூலரின் விவரத்தில் முனைத் தொட்டிகளோடு சேர்ந்த முழு நீளமும், ஃபேனோடு சேர்ந்த தடிமனும் போடுங்கள். கேபினெட்டின் விவரத்தில் '360 பொருந்தும்' என்று மொட்டையாக எழுதாமல், எந்தப் பக்கம், போர்டில் எவ்வளவு உயரப் பாகங்களோடு, முன்பக்கம் ரேடியேட்டர் வைத்தால் கார்டு எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள். முடியாத காரியம் அல்ல: ஃபிராக்டல் டிசைன் நிறுவனம் தன் மெஷிஃபை சி கேபினெட்டுக்கு 'மேலே 240 வரை, போர்டில் 40 மி.மீ. உயரம் வரை' என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டது. தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் கேபினெட், கூலர் அறிமுகங்கள் வரும்போது இந்த அளவுகளையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினி பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.