குடியை விட்டவரின் உறங்காத இரவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குடியை விட்டவரை மனதாரப் பாராட்டும் நாம், அதன் பிறகு அவரை வாட்டும் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. என் தம்பி குடியை நிறுத்திய மூன்றாம் மாதத்திலும், நள்ளிரவு 2 மணிக்குக் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, வியர்த்த உள்ளங்கைகளைப் போர்வையில் துடைத்தபடி விடியலுக்காகக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இது மன உறுதிக் குறைவு அன்று. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலை மது கூட்டுகிறது; கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அடக்குகிறது. நாள்பட்ட குடிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட மூளை, மது நின்றதும் அளவுக்கு மீறி விழித்துக்கொள்கிறது. அது சீராகப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்களும் ஆகின்றன. ‘கொஞ்சம் குடித்தால் தூங்கிவிடலாமே’ என்ற எண்ணம் தலைதூக்குவது இத்தகைய இரவுகளில்தான். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை விழுங்குவதும் ஆபத்தே. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் பென்சோடையசிபைன் வகை மாத்திரைகளுக்கும் அடிமையாக நேரிடலாம். தூக்கமின்மைக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் ஆலோசனை முறை, மருந்தின்றியே பலருக்குப் பலன் தருகிறது. எனவே, மறுவாழ்வு மையங்கள் தம்மிடம் தொடர் ஆலோசனைக்கு வருபவரிடம் ‘குடித்தீர்களா’ என்று மட்டும் கேட்காமல், ‘நேற்று இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்’ என்றும் தவறாமல் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்