ஆங்கில ஆசிரியர்களே, 'யு' இல்லாத 'கலர்' பிழையல்ல

அன்புள்ள ஆங்கில ஆசிரியர்களுக்கு,

வேண்டுகோள்தான், ஆனால் கொஞ்சம் கோபமும் கலந்தது. கட்டுரையில் 'கலர்' என்பதை அமெரிக்க முறைப்படி 'யு' இல்லாமல் எழுதினால் சிவப்பு மையில் சுழித்து மதிப்பெண்ணைக் குறைக்கிறீர்களே, எந்தக் கணக்கில்? அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதியிலேயே இருக்கிற எழுத்துக்கூட்டல் அது. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில்கூட பிரிட்டிஷ், அமெரிக்கன் இரண்டும் செல்லும். ஒரே கட்டுரையில் அப்படியும் இப்படியும் மாறி மாறி எழுதினால் திருத்துங்கள், அது நியாயம்.

மதிப்பெண்ணாவது போகட்டும். பிரிட்டிஷ் என்றால் படித்தவர் பேச்சு, அமெரிக்கன் என்றால் படம் பார்த்துக் கெட்டுப்போன பேச்சு என்று ஒரு எண்ணத்தை மாணவர் மனதில் ஏற்றிவிடுகிறீர்கள், அதுதான் எரிச்சல். அமெரிக்கர்கள் 'கார்' என்பதில் 'ர்' ஒலியை அழுத்துவதாகக் கிண்டல் வேறு. அந்த 'ர்' ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்க ஒலித்ததுதான். தென் இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டு வாக்கில் தேய்ந்துபோனது, அமெரிக்காவின் பெரும்பகுதியில் தங்கிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் இன்றும் அதை விடவில்லை, அவர்களை என்ன செய்யப் போகிறீர்கள்? இலையுதிர் காலத்தைச் சொல்லும் 'ஃபால்' இங்கிலாந்தில் புழங்கிய சொல், கால்பந்தைச் சொல்லும் 'சாக்கர்' அங்கேயே பிறந்தது. 'ஆர்கனைஸ்' போன்ற சொற்களில் 'எஸ்' இருக்கும் இடத்தில் 'இஸட்' போட்டால் அமெரிக்கத்தனம் என்பவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டட்டும், அதில் 'இஸட்'தான் முதலில் இருக்கும்.

இதில் மாட்டிக்கொள்வது மாணவர்தான். வீட்டில் பார்ப்பதெல்லாம் அமெரிக்கத் தொடர், நாக்கில் ஒட்டுவதும் அதுதான்; வகுப்புக்குள் வந்ததும் மறைத்துவிட வேண்டும். பேச வாயைத் திறந்தவர் 'ஷெட்யூல்' என்பதா 'ஸ்கெட்யூல்' என்பதா என்று நடுவில் திணறி நிற்பார், அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். (பிரிட்டிஷ் உச்சரிப்பைப் பந்தா என்று நக்கலடிப்பவர்களும் உண்டு, அவர்களுக்கும் இதே பதில்தான்.)

சரி, என்ன செய்யலாம் என்கிறீர்களா? பிரிட்டிஷ், அமெரிக்கன் இரண்டில் எந்த முறையில் எழுதப் போகிறார் என்பதை மாணவரே முடிவு செய்யட்டும், அப்புறம் அந்த முறைப்படியே திருத்துங்கள். கேட்புப் பயிற்சிக்கு லண்டன் செய்தி வாசிப்பையே திரும்பத் திரும்பப் போடாமல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, அமெரிக்காவின் டெக்சஸ், நைஜீரியாவின் லாகோஸ் என்று வெவ்வேறு ஊர்க்காரர்கள் பேசுவதையும் போடுங்கள். ஒன்றுமே புரியவில்லை என்று முதலில் முனகுவார்கள்தான், முனகட்டும்.